மறுமுனைக் கைப்பிடி

1912 ஜனவரி 11, வியாழன்.

நேற்று ஒரு தவறு செய்தேன். கருவிக் கணக்கு எழுதுவது என் வேலை. பவானிபூரில் நான் படிக்கும் மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று, சரிபார்க்காமலேயே, கருவிகள் எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டன என்று ஓவர்சியர் ராஜாராமனிடம் சொல்லிவிட்டேன். ஒரு ரம்பம் வரவில்லை. அதன் பிறகு நடந்ததை நானே நம்பாமல் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. கனவும் இல்லை. நடந்தது.

கரியாஹாட் பக்கம் புதிய சாலைக்காக மரம் வெட்டுகிறோம். திங்களன்று ஹரன் என்ற மரம் அறுக்கும் ஆள் அங்கே இறந்தான். பெரிய வாகை மரம். பாதி அறுத்ததும், வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க ஆப்பு கேட்டான்.

"ஆப்பு அடிச்சிண்டே இருந்தா வேலை எப்போடா முடியும்?"

ராஜாராமன் ஆப்புகள் இருந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மரம் பின்னுக்குச் சாய்ந்து ரம்பத்தைக் கவ்வியது. மேலே கிளை முறிந்தது. ஹரன் அதன் அடியில்...

பாதி வெட்டோடு நின்ற மரத்திலேயே சிக்கியிருந்த அந்த ரம்பத்தைத்தான் நான் மறந்திருந்தேன்.

"கண்ணை எங்கேடா வச்சிண்டிருந்தே? கிளாஸிலேயா?"

"மறந்துட்டேன், சார்."

"வா. லாந்தரை எடு."

நேற்று மாலை ஐந்தரை. பனிமூட்டம். மரத்தின் மறுபக்கம் தெரியவில்லை. ராஜாராமன் இந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார்.

கர்ர்... வந்தது.

கர்ர்... திரும்பிப் போனது.

அது இருவர் அறுக்கும் ரம்பம். இழுக்கத்தான் முடியும், தள்ளினால் வளையும். அந்தப் பக்கம் யாராவது இழுத்தால்தான் போகும்.

"டேய், விளையாடாதே. விடு!"

"நான் இங்கே இருக்கேன், சார். உங்க பின்னாலே."

திரும்பிப் பார்த்தார். கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது.

"விட முடியலைடா..."

கர்ர்... கர்ர்... வேகம் கூடியது. மரத்தூள் என் காலில் விழுந்தது. சுட்டது.

அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். சாவி என் கையோடு வந்தது. அவர் வரவில்லை.

மேலே முறியும் சத்தம்.

ஓடினேன்.

மரம் அவர் மேலேயே விழுந்தது.

இன்று காலை, ஹரனோடு ஜோடியாக அறுத்த காலுவிடம் கேட்டேன். நேற்று மறுமுனைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது யார்?

"எந்தக் கைப்பிடி, பாபு?"

ரம்பத்தைக் காட்டினான். மறுமுனையில் வெறும் இரும்பு. ஹரனின் கைப்பிடியைத் திங்களன்றே கழற்றி, கேவ்ராதலா சுடுகாட்டில் அவன் சிதையோடு எரித்துவிட்டார்களாம்.

புது ஓவர்சியர் வரும்வரை சாவி என்னிடம்தான். இன்னும் மரங்கள் நிற்கின்றன.

நாளை முதல் வேலை: கொட்டகையைத் திறந்து, ஆப்புகளை ஆட்கள் கையில் கொடுப்பது.