டோர்ச் லைற்றின் பின்மூடி

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்குக் கோபம் வர ஒரு காரணமும் தேவைப்படவில்லை. ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபத்தைக் கையில் அகப்பட்டவன்மேல் காட்டினோம். என் கையில் அகப்பட்டவர் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், என்னைவிட நாலு வயது மூத்தவர். பாரிஸில் பத்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு, லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னோடு வயரிங் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மனைவிக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம். அவர் லண்டனிலேயே நிலைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை விட்டேன்.

வரும்போது அவர் எனக்கு ஒரு டோர்ச் லைற் கொண்டுவந்திருந்தார். சாதாரண டோர்ச் இல்லை. அலுமினியக் குழாய், உள்ளே இரண்டு லித்தியம் பற்றரி. பற்றரியும் அவரே நாலு கடை ஏறித் தேடி வாங்கியது. தவறி அதன் வெளிச்சம் ஒருவர் முகத்தில் அடித்தால், ஐந்து நிமிடத்துக்கு அவருக்குப் பச்சைப் பொட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நோர்பரியில் ஒரு வீட்டில் வேலை. தரைப் பலகையைக் கிளப்பி, கீழே இறங்கித் தவழ்ந்து, சுவரோரம் பழைய வயரை எட்டிப் பிடிக்கப்போன நேரம் டோர்ச் இமைத்து அணைந்தது. தட்டினேன், எரிந்தது. கையை அசைத்தேன், அணைந்தது. கரண்ட் இருக்கிற வயரா இல்லாத வயரா என்று தெரியாமல் இருட்டில் குப்புறக் கிடந்தேன். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கொதித்தது.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். பற்றரி இரண்டும் நிறைந்திருந்தன. முன்பக்கத் தொடுமுனையைத் துடைத்தேன். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை.

"பின்மூடியின்ர மரையைப் பாரும். அதுக்குள்ளாலதானே கரண்ட் திரும்பி வரும்," என்றார் மச்சான்.

சரியான பேச்சு. அதனால்தான் எரிச்சல் வந்தது. நேற்று வந்தவர் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறாராம்.

"நீங்கள் கீழ போட்டிருப்பியள். கோப்பை கழுவின கைக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது?" என்றேன்.

வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான். தேநீரோடு வந்தவர் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

மச்சான் கையிலிருந்த குறட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் கீழ போடேல்லை," என்றார். பிறகு, "நான் வாறன்." அன்று பின்னேரமே பஸ் பிடித்துப் பாரிஸுக்குப் போய்விட்டார்.

"அண்ணை அப்படி என்ன செய்தவர்?" மனைவி ஒருமுறைதான் கேட்டாள். அடுத்தநாள் வேலையால் வந்ததும் டோர்ச்சை மேசையில் போட்டுப் பிரித்தேன். அவருடைய பிழையைக் கண்டுபிடித்து அவள் முன்னால் வைக்கவேண்டும் என்ற வெறி எனக்கு. பின்மூடியைக் கழற்றிவிட்டு, பற்றரியின் அடியையும் குழாயின் விளிம்பையும் ஒரு துண்டு வயரால் தொட்டேன். சுவர் வெள்ளையாக எரிந்தது. அப்படியென்றால் பற்றரி நல்லது, பல்ப் நல்லது. பிழை மூடியில்தான்.

மூடியின் மரைக்குள் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் சுரண்டினேன். சந்தனம் மணந்தது.

விஜயதசமிக்கு ஆயுதங்களுக்குப் பூசை செய்தவன் நான். டிரில்லுக்கு ஒரு பொட்டு, மீற்றருக்கு ஒரு பொட்டு. டோர்ச் புதுசு என்று அதைக் கழற்றி, குழாய்க்கு வேறாக, மூடிக்கு வேறாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். ஒரு பொட்டுப் போதாதாம் எனக்கு. பிறகு சார்ஜ் போடக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்ட, அது மரை முழுக்கப் பரவிக் காய்ந்திருக்கிறது. பதினைந்து வருடம் வயரிங் செய்தவன், கரண்ட் போகிற வழியை என் விரலாலேயே மெழுகி அடைத்திருக்கிறேன். என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

துடைத்துப் பூட்டினேன். அறை பகலானது. வெளிச்சத்தைக் கண்டு மனைவி வந்தாள். போனை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, என் கையில் தந்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள்.

"மச்சான், டோர்ச் எரியுது. திரும்பி வாங்கோ."

"என்ன பிழையாம்?" என்று கேட்டார் மச்சான்.

சந்தனம் என்ற ஒரு சொல்தான் சொல்லவேண்டியிருந்தது. மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பற்றரி," என்றேன்.

"நான் வாங்கின பற்றரிதானே. அப்ப என்ர பிழைதான். குறை நினையாதையும்," என்று சொல்லிவிட்டு மச்சான் போனை வைத்தார். பிறகு அவர் லண்டனுக்கு வரவேயில்லை.

போனை மேசையில் வைத்தேன். அங்கே கொட்டிக் கிடந்த மஞ்சள் தூளை மனைவி விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.