ஆறாம் நம்பர் பாதம்

அவள் கையில் காந்தம் இருக்கிறதாம். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, கண்ணாடிக் கதவையொட்டிய பெஞ்சில் காத்திருப்பவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் தன் மைத்துனர் சொன்னதாகச் சொல்வார். மைத்துனருக்கு அதைப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லியிருப்பார். கெண்டைக்கால் இறுகி உயிரைச் சுண்டி இழுக்கும்போது அந்த அம்மா வந்து பாதத்தைத் தொட்டால் போதுமாம், விட்டுவிடுமாம். காந்தமெல்லாம் கிடையாது, உள்ளங்கையில் ஏதோ தைலம் தடவிக்கொண்டு வருகிறாள் என்று இன்னொரு கட்சி.

வார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளிடமே இதைக் கேட்டால் கையை விரித்துக் காட்டுவாள். "காந்தமா? பதினெட்டு வருஷம் செருப்புக் கடையில வர்றவங்களுக்கு ஷூ மாட்டிவிட்ட கை. பாலிஷ் வாசனை வேணா மிச்சம் இருக்கும், மோந்து பாருங்க."

அந்தக் கடையை மூடிய அன்று முதலாளி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மற்றவர்கள் புது ஷூ எடுத்துக்கொண்டார்கள். இவள், வாடிக்கையாளர் கால் வைப்பதற்குச் சாய்வுப் பலகை பொருத்திய குட்டை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அதற்கு இடமில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவர் மூன்று முறை அதில் இடறி விழுந்து, இதுவா நானா என்று கேட்ட பிறகு முக்காலி வார்டுக்கு வந்தது. இப்போது அக்கா எங்கே என்று தேட வேண்டாம். முக்காலி கிடக்கும் இடத்தைப் பார்த்தால் போதும்.

வார்டில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் தோளருகிலும் ஒரு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் உட்கார்ந்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஊசியும் மெஷினும் நர்ஸ்கள் பாடு. இவள் உதவியாளர். வந்தவுடன் ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றி, நோட்டில் எழுதுவாள். இருக்க வேண்டிய எடைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர். அதைத்தான் மெஷின் எடுக்கும். செருப்போடு ஏறலாம், ஆனால் எப்போதும் அதே செருப்போடு என்று ஒரு விதி உண்டு. குனிய முடியாதவர்களுக்காக அதைக் கொண்டுவந்ததே அவள்தான்.

ஆட்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அவர்களுடைய ஷூ நம்பர். ஒருவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போதே அவள் கண் தரைக்குப் போய்விடும். ஒன்பதுக்கு ஒரு போர்வை கொடு என்பாள். புதிதாக வந்த நர்ஸ் ஒன்பதாவது நாற்காலிக்குக் கொண்டு போவாள். அங்கே இருப்பவர் வியர்த்துக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நம்பர் பாதத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாவது நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருப்பார். தலைமை நர்ஸ் இரண்டு முறை கண்டித்தாயிற்று. ஆள் ஊதினாலும் இளைத்தாலும் எலும்பின் நீளம் மாறாது, அதனால்தான் நம்பர் என்று அவள் வாதாடுகிறாள்.

உடம்பு தாங்குவதற்கு மேல் தண்ணீர் போய்விட்டால் கால் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் கடைசி மணி நேரத்தில். அதுவரை செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நாற்காலியின் கைப்பிடியைக் கடிக்கப் போவார். அவள் முக்காலியைத் தள்ளிக்கொண்டு வருவாள். குதிகாலை இடது உள்ளங்கையில் ஏந்துவாள். முழங்காலை நேராக வைக்கச் சொல்லி, விரல்களை முழங்கால் பக்கம் வளைத்து, உள்ளங்காலைத் தன் வயிற்றில் சேர்த்து மெல்ல மெல்ல முன்னால் சாய்வாள். அப்படியே இருப்பாள். நர்ஸ் வந்து மெஷினின் வேகத்தைக் குறைத்து, சலைனைத் திறந்துவிடும் வரை அசைய மாட்டாள். பக்கத்தில் யாராவது தேய்த்துவிடக் கை நீட்டினால் தட்டிவிடுவாள். "கல்லா இருக்கிறப்ப தேய்க்காதீங்க. அதுக்கு இன்னும் கோபம்தான் வரும். இளகட்டும், அப்புறம் கொஞ்சலாம்."

இதற்கு நடுவில் ஒரு கேள்வி கேட்பாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நீங்க முதன்முதலா போட்ட ஷூ என்ன கலர்?" உயிர் போகிற வலியில் இது ஒரு கேள்வியா என்று முறைத்தவர்கள் உண்டு. முறைத்துவிட்டும் பதில் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடக் கறுப்பு. அண்ணன் போட்டுத் தேய்த்த பழுப்பு. கல்யாணத்துக்கு இரவல் வாங்கி, நாள் முழுக்கக் கடித்த வெள்ளை. அந்தக் கதை முடிவதற்குள் சதை இளகியிருக்கும்.

ஊரார் காலையெல்லாம் இளக்குகிற கை வீட்டில் அவளையே படுத்தும். காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கட்டை விரல் உள்ளே மடங்கி, கத்தி கையோடு ஒட்டிக்கொள்ளும். கணவர் கத்தியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். "முதல் மாடி... ரெண்டாவது மாடி..." என்று எண்ணுவார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்துவிடும்.

ஆறாம் நம்பர்க்காரர் வருவது செவ்வாய், வியாழன், சனி, காலை பத்து மணி, ஜன்னலோர நாற்காலி. எழுபத்தொரு வயது, குச்சி உடம்பு, தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் ஒரு பொது நீச்சல் குளத்தில் காவலாக இருந்தவர். தண்ணீரில் கால் பிடித்துக்கொண்டு தத்தளித்த எத்தனையோ பேரைக் கரைக்கு இழுத்துப்போட்டுப் பாதத்தை வளைத்துவிட்டவர். அவள் முதன்முதலில் அவர் காலைத் தன் வயிற்றில் சாய்த்தபோது, வலியோடு வலியாக, "சரியாத்தான் பிடிக்கிற. யார் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள் மாதிரி பேசிக்கொள்வார்கள். தண்ணீரில் பிடித்துக்கொண்டால் உதைக்கவும் கூடாது, கத்தவும் கூடாது, மல்லாந்து மிதக்க வேண்டும் என்பார். வார்டிலும் அதையேதான் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு, மிதக்கிறேன், மிதக்கிறேன் என்று முணுமுணுப்பார்.

அவளுடைய கேள்விக்குப் பதில் இல்லாதவர் அவர் ஒருவர்தான். குளத்தருகே வெறுங்கால், வெளியே ரப்பர் செருப்பு. ஷூ என்ற ஒன்றை அவர் கால் அறிந்ததில்லை. தாகம்தான் அவருக்கு எதிரி. ஒரு நாளைக்கு அளந்து கொடுத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் குடிப்பதையெல்லாம் அடுத்த முறை எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். "முப்பது வருஷம் அவ்வளவு தண்ணியைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஒரு வாய் குடிக்கத் தோணல. இப்ப குழாய் சொட்டுற சத்தம் கேட்டாலே எழுந்து போறேன்" என்று ஒரு முறை அவளிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது சிரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை அவர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மழை நாளில் அப்பா படிக்கட்டில் வழுக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு வெளியூரிலிருக்கும் மகள் அனுப்பியது. கணுக்காலுக்கு மேல் ஏறும் கெட்டித் தோல், தடித்த அடி. கதவிலிருந்து எடை மெஷின் வரை ஒவ்வொரு அடியையும் தானே பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். மெஷின் மேல் ஏறி நின்று, "இப்ப கேளும்மா உன் கேள்வியை" என்றார்.

அவள் கேட்டாள்.

"பழுப்பு" என்றார்.

கை சும்மா இருக்குமா? அவர் காலடியில் உட்கார்ந்து ஷூ முனையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். தையலைத் தடவினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது, உங்கள் பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்றாள். பிறகு நிமிர்ந்து எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்து நாலு. அவர் இருக்க வேண்டியது ஐம்பத்தொன்று.

"மூணு லிட்டரா? என்ன பெரியவரே, பழைய பாசத்துல குளத்தையே குடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

வார்டே சிரித்தது. ஒன்பதாம் நம்பர்க்காரர், குளம் வந்தாச்சு, நீந்துறவங்க நீந்தலாம் என்றார். பெரியவர் முகம் சுருங்கியது. இந்த முறை நிஜமாகவே அளந்து குடித்ததாகவும், மருந்து ஊற்றும் குட்டி மூடியில் ஊற்றிக் குடித்ததாகவும், வாய் காய்ந்தபோது கொப்பளித்துத் துப்பியதாகவும் சொன்னார். எல்லோரும் சொல்வதுதானே என்று அவள் ஐம்பத்து நாலை எழுதினாள்.

மூன்றாம் மணி நேரத்தில் அவருக்கு இரண்டு கால்களும் பிடித்துக்கொண்டன. அன்று அவர் மிதக்கவில்லை. கத்தினார். அந்தச் சத்தத்தில் மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் தங்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். அவள் ஓடிவந்து முக்காலியில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து வலது ஷூவை உருவினாள். உருவியது கையில் கனத்தது. அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், ஒற்றை ஷூ. பதினெட்டு வருஷம் ஷூ தூக்கிய கைக்கு அதைச் சொல்ல எந்த மெஷினும் தேவையில்லை. அவர் குடிக்காத ஒரு லிட்டருக்கு மேலான தண்ணீரை அவர் உடம்பிலிருந்து மெஷின் பிடுங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் காதில் உடனே சொல்லிவிட்டாள். மெஷின் இழுப்பதை நிறுத்தியது, சலைன் ஏறியது. ஆனாலும் நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் அவர் பாதம் அவள் வயிற்றிலேயே இருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு அவர் மெதுவாக, "நான் நிஜமாவே குடிக்கலம்மா" என்றார்.

நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். அவர் களைத்திருக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஷூ விஷயத்தைச் சனிக்கிழமை நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணாலேயே சொன்னாள். இவளும் தலையாட்டினாள்.

"சரி, விடுங்க" என்றாள் அவரிடம்.

"ரெண்டு நாளா நாக்கைக் கட்டினேன். அதுக்கும் இதுதான்னா, அப்புறம் எதுக்கும்மா?" என்றார்.

நொந்த காலில் ஷூ ஏறவில்லை. வார்டின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போனார். பழுப்பு ஷூ இரண்டும் நாற்காலிக்கடியில் நின்றன.

சனிக்கிழமை அவர் வரவில்லை. நர்ஸ் போன் செய்தபோது எடுத்தார். உடம்பு முடியவில்லை, செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றாராம். பார்ப்போம் என்றுதான் சொன்னார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. இவள் அந்த ஒரு சொல்லை ஞாயிற்றுக்கிழமை முழுக்க மென்றுகொண்டிருந்தாள். போனிலேயே சொல்லிவிடேன் என்றார் கணவர். இது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்றாள்.

"தப்பு உன்னுதுன்னு சொல்றதுக்கு முகம் எதுக்குடி? வாய் போதும்" என்றார் அவர். அவள் துணி மடித்தாள். திங்கட்கிழமையும் அப்படியே போனது.

இன்று செவ்வாய். மணி பதினொன்று. ஜன்னலோர மெஷின் பத்து மணிக்கே தயாராகி, அவ்வப்போது விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்து நாள் தண்ணீர் இறங்காமல் இருந்தால் அது எங்கே ஏறும், மூச்சை எப்படி மறிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து நர்ஸ் கூப்பிட்ட மூன்று முறையும் அவர் போனை எடுக்கவில்லை. மகளுக்குத் தகவல் போய்விட்டது. அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டாள், வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் யாரிடமும் இல்லை. இன்னிக்குக் குளம் வரலையா என்று ஒன்பதாம் நம்பர்க்காரர் ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

தன் அலமாரியிலிருந்து ஷூக்களை எடுக்கிறாள். துடைத்து, காகிதம் அடைத்து வைத்திருக்கிறாள். போகிற வழியில் எடை மெஷின் மேல் இரண்டையும் சேர்த்து வைக்கிறாள். ஒன்று புள்ளி நாலு. தெரிந்ததுதான். எடுத்துக்கொண்டு, தன் போனில் அவர் எண்ணை அழுத்தி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறாள். சொல்ல வேண்டியது உதட்டில் தயாராக இருக்கிறது: "பெரியவரே, நீங்க குடிக்கல. ஷூ கனம். நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

ரிங் போகிறது.

முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே உட்காருகிறாள். காகிதத்தை உருவுகிறாள். கயிற்றை ஒவ்வொரு துளையாகத் தளர்த்தி, ஷூவின் வாயை அகல விரிக்கிறாள். வலது ஷூவைச் சாய்வுப் பலகையில், முனை தன் பக்கம் இருக்கும்படி வைத்து, குதிப்பக்கம் மடங்கிவிடாமல் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொள்கிறாள், கால் சிரமமில்லாமல் நுழைவதற்கு. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.