குடிக்கிற சூட்டில் ஒரு டம்ளர்

முதலில் மாறியது சிறுநீரின் நிறம். கடுங்காப்பி மாதிரி போனது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்ப்பவனுக்கு எல்லா நோய்க்கும் உடம்புச் சூடுதான் காரணம். நானும் இளநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நான்காம் நாள் கண் மஞ்சளானது. ரத்தத்தில் பிலிரூபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) எகிறியிருந்தது. ஹெபடைடிஸ் இ (அசுத்தத் தண்ணீரால் வரும் கல்லீரல் அழற்சி) என்றார் டாக்டரம்மா.

"ரெஸ்ட் எடுத்தா உங்களுக்குச் சரியாயிடும். வூட்டுல யாராவது கர்ப்பமா இருக்காங்களா?"

என் மனைவி செல்விக்கு ஆறாம் மாதம்.

"அவங்களுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. இப்ப டெஸ்ட்ல இல்லன்னாலும் எட்டு வாரம் பாக்கணும். உள்ள போன கிருமி வெளிய தெரிய அவ்வளவு நாள்கூட ஆகும்."

பரிசோதனையில் செல்விக்கு நோய் இல்லை. அவளை ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். எனக்கு எப்படி வந்தது என்று புரியவில்லை. தினமும் காலை டிபன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில்தான். ஆனால் அங்கே சுடுதண்ணீர் தவிர எதையும் குடிக்கமாட்டேன். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாலையும் போட்டிருக்கும் ஓட்டல் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரும் செல்வி மட்டும் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவாள்.

"ஓட்டலுக்கு எவளாவது தண்ணி தூக்கிட்டு வருவாளா? மானம் போவுது," என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

படுக்கையில் கிடந்தபோதுதான் உறைத்தது. அந்தத் தண்ணீர் ஒரு நாளும் என் நாக்கைச் சுட்டதில்லை. கொதித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீரைக் கலந்து தருவார்கள். அது என் கண்முன்னால்தான் நடந்தது. சூளையில் சூடு கொஞ்சம் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன் நான். டம்ளரைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடையன்.

தினமும் காலையில் வீடியோ கால் போட்டு, "கண்ணக் காட்டு," என்பேன். அவள் கீழிமையை இழுத்துக் காட்டுவாள்.

"வெள்ளையாத்தாங்க இருக்குது. நீங்க கஞ்சி குடிச்சீங்களா?"

இன்னொரு கண்ணையும் காட்டச் சொல்வேன். எட்டாம் வாரம் மறுபடி எடுத்த பரிசோதனையிலும் அவளுக்கு நோய் இல்லை. பாட்டில் காப்பாற்றியது, புருஷன் அல்ல. அடுத்த மாதம் பெண் பிறந்தாள்.

உடம்பு தேறியதும் அந்த ஓட்டல் முதலாளியை நாலு வார்த்தை கேட்கப் போனேன். அன்று அங்கே ஆய்வு. முதல் நாளே தகவல் வந்திருக்க வேண்டும். சமையல்காரர்கள் தலையில் புதுத் தொப்பி, கையில் புது உறை. அதிகாரி தொப்பிகளை எண்ணினார், ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினார், திருப்தி என்று எழுதினார். பிறகு பொங்கலுக்கு உட்கார்ந்தார்.

"சுடுதண்ணி குடுப்பா. குடிக்கிற சூட்டுல."

சர்வர் அவர் எதிரிலேயே குழாயைத் திறந்து கலந்தார்.

"சார், அதுல பச்சத்தண்ணி கலந்திருக்குது. அதக் குடிச்சுத்தான் எனக்கு மஞ்சக்காமாலை வந்துது," என்றேன்.

"இது சுடுதண்ணிங்க," என்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காமாலை இறங்கிவிடும், பழைய உடம்பு திரும்பாது. முன்பெல்லாம் தாகம் தீர்ந்தால் தண்ணீர் விஷயம் முடிந்தது. இப்போது ஒவ்வொரு டம்ளருக்கும் என் உடம்பு எட்டு வாரம் காத்திருக்கிறது. அதிகாரி ஏப்பம் விட்டு எழுந்தபோது அவருடைய எட்டு வாரத்தையும் எண்ணத் தொடங்கினேன். அவர் வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதமோ.