ஆச்சியின் பங்கு

பரிபூரணம் ஆச்சி உலை வைத்தால் ஒரு மண் கலயமும் கூடவே அடுப்பங்கரைக்கு வந்துவிடும். உழக்கில் அரிசி அளந்து, கழுவுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் சொல்லிக் கலயத்தில் போடுவாள். அது சபைக்கான அரிசி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது துணிப்பையில் கொண்டுபோய்ச் சபையின் பெரிய அண்டாவில் கொட்டுவாள். இல்லாத வீடுகளுக்கு அதிலிருந்து போகும். ராஜபாளையத்துச் சபைப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் காய்ச்சல், மழை என்று சாக்குச் சொல்லாமல் ஐம்பது வருஷம் போட்டது ஆச்சி ஒருத்திதான். அதில் பக்தி பாதி, பிடிவாதம் பாதி.

தாயில்லாப் பேத்தி ரத்தினத்தை வளர்த்ததும் அதே பிடிவாதம்தான். மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலை ஆச்சிக்கு. தலையெல்லாம் பஞ்சோடு வந்து, அப்படியே அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேண்டுவது இயேசுவிடம், நாள் கணக்கு மட்டும் ஆண்டாள் தேரை வைத்து. "தேரு நிலைக்கு வந்த எட்டாம் நாளு நீ பொறந்தட்டி" என்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

எண்பத்து நாலில் மில்லை மூடினார்கள். அங்கேயே வேலை பார்த்த ஆச்சியின் மகன், ரத்தினத்தின் அப்பா சௌந்தரபாண்டியன் ஏழு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு வேளைதான் கஞ்சி, அதிலும் பருக்கையைத் தேட வேண்டும். அப்போதும் ஆச்சி கைப்பிடி எடுத்தாள். பதினாறு வயது ரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

"நமக்கே இல்ல. நீ யாருக்கு ஆச்சி அள்ளிக் குடுக்க?"

"என் பங்குலதானட்டி எடுக்கேன். உன் வயித்துலயா கை வச்சேன்?"

அன்று ஆச்சி வடிநீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்ததை ரத்தினம் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்தார். ரத்தினம் வேறொரு மில்லில் சேர்ந்தாள். வந்த வரன்கள் வந்த வழியே போயின. தொண்ணூற்று நாலில் தெருக்குழாயடியில் வழுக்கி விழுந்த ஆச்சி அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை. கண்ணிலும் புரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டியபோது, இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்றார் டாக்டர். ஆண்டாள் கோயில் கோபுரம் இருக்கும் பக்கம் எது என்று கேட்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் இருந்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஆச்சி.

ரத்தினத்துக்குக் காலை ஷிப்டு. போகும் முன் ஆச்சியைத் துடைத்து, சேலை மாற்றி, கஞ்சி கொடுக்க வேண்டும். வந்ததும் மறுபடி அதே பாடு. நின்றால் கால் கடுக்கும், உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். முதல் நாள் கலயத்தை மறந்தாள். மறுநாள் நினைவு வந்தது, எழுந்து போய் எடுக்க உடம்பில்லை. அதன் பிறகு கலயத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பரண்மேல் தூக்கி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தவறாமல் கட்டிலிலிருந்து கேள்வி வரும்.

"ஏட்டி, கலயம் நெறஞ்சிருச்சா?"

"நெறஞ்சிருச்சு ஆச்சி."

"சபைக்குக் குடுத்து விட்டுரு, என்னா?"

"குடுத்து விடுதேன்."

ஒரு வருஷம் இந்தப் பொய் ஓடியது. சொல்லும்போதெல்லாம் ரத்தினத்துக்குக் கூசியது. கூசியதே தவிர, பரணைத் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆச்சி, "கலயத்தைக் கொண்டா, செத்த நேரம் தொட்டுப் பாக்கேன்" என்றாள்.

ரத்தினம் பரணுக்கு ஓடினாள். கலயத்தை இறக்கி முந்தானையால் துடைத்து, டின்னில் இருந்த, கடையில் வாங்கிய சன்ன அரிசியை மளமளவென்று அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஆச்சி கையை உள்ளே விட்டு அளைந்தாள். ஒரு மணியை எடுத்து விரலால் உருட்டினாள். பிறகு இன்னொன்று.

"எல்லாம் ஒரே அரிசியா இருக்கே. வாரத்துல நாலு நாளு ரேஷன் அரிசிதான பொங்குத? அது எங்கட்டி?"

கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்த கலயத்தில் மோட்டா அரிசியும் சன்ன அரிசியும் கலந்துதான் கிடக்கும். அவசரத்தில் ரத்தினத்துக்கு அது தோன்றவில்லை.

"என்னால ஏலல ஆச்சி," என்றாள். "ஒரு வருசமாப் போடல. அலுத்துப் போச்சு."

ஆச்சி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ரத்தினத்தின் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புட்டுக் காச்சுப் போச்சு," என்றாள். "நாளைலருந்து எனக்குப் பொங்காத. என் பங்க இதுல போட்டுரு. உனக்கும் ஒரு வேலை கொறையும்."

சொன்னபடியே மறுநாள் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. ரத்தினம் கெஞ்சினாள், கத்தினாள், கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். பிறகு கலயத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஆச்சி காதில் விழும்படி ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டாள். அதன் பிறகுதான் ஆச்சி கஞ்சியைக் குடித்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே நடந்தது. இரண்டு மாதம் குடித்தாள். ஒரு விடியற்காலையில் ரத்தினம் முகம் துடைக்க வந்தபோது ஆச்சி இல்லை.

அடக்கம் முடிந்து சொந்தங்கள் பஸ் ஏறிய பிறகு ரத்தினம் அடுப்பைப் பற்ற வைத்தாள். பழக்க தோஷத்தில் கை இரண்டு உழக்கு அளந்துவிட்டது. தனியாளுக்கு ஒன்றே அதிகம். இரண்டாவது உழக்கை டின்னில் திருப்பிக் கொட்டப் போனவள், அப்படியே நின்றாள். பிறகு அதை முழுசாகக் கலயத்தில் போட்டாள்.

அன்று சனிக்கிழமை. கட்டில் காலியாகக் கிடந்தது. கேட்க யாரும் இல்லை.

"பாதிதான் ஆச்சி இருக்கு," என்றாள் ரத்தினம். "இன்னும் நெறையல."