டிரைவர் இல்லாத ரெயிட் கார்ட்

இன்று உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா கணவரின் கணினியை என் கடைக்குக் கொண்டுவந்தார். கலியாண வீடுகளில் வீடியோ எடுத்துவந்த அவர், அண்மையில் காலமானார்.

உறவுக்காரர் ஒருவர் உதவியென்று நினைத்துப் புது விண்டோஸ் போட்டிருக்கிறார். டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் பழைய ரெயிட் கார்டை அதற்குத் தெரியவில்லை. பழைய விண்டோஸுக்குத் திரும்பினாலும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேண்டும். கார்டைச் செய்த கம்பனி அதைத் தன் இணையத்தளத்திலிருந்தே தூக்கிவிட்டது.

“டிஸ்க் பழுதோ தம்பி?”

“இல்லையக்கா. எல்லாம் உள்ளுக்க இருக்கு. திறக்கத்தான் ஏலாமக் கிடக்கு.”

“அவர் எப்பவும் கமராவுக்குப் பின்னாலதானே நிண்டவர். குரலைக் கேட்டாலே காணும்.”

டிரைவர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

இல்லாவிட்டால், அவர் எடுத்த உங்கள் கலியாண வீடியோ இருந்தால் போட்டுப் பாருங்கள். “மாப்பிள்ளை, கொஞ்சம் சிரியுங்கோ” என்ற அவருடைய குரலை எடிட்டிங்கில் வெட்டச் சொல்லாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?