சித்தப்பாவின் மீசை தனியாகப் போன மாலை

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, காலாண்டு விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, மாலை ஆறரை மணி. நோட்டில் குறித்திருக்கிறேன்.

மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். மணமகளைத் தாமரைக்குள் உட்காரவைப்பதும் மாப்பிள்ளையை மலைமேல் மிதக்கவிடுவதும் அவருடைய பழைய வீடியோ மிக்ஸரின் வேலை. கணினி வந்ததும் அது மேசைக்கடியில் போயிற்று. மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா, அதை வைத்துக் கலைப்படம் செய்யப்போவதாகக் கேட்டார். வேண்டாத கேசட்டுகளும் வேண்டுமாம். மாமா ஒரு பை நிறையக் காதுகுத்துக் கேசட்டுகளைக் கொடுத்தார், கொடுத்தபின் சந்தேகப்பட்டார்.

"நம்ம முகூர்த்த ஆர்டருக்குத்தான் வலை போடுது. போய் என்னான்னு பாத்துட்டு வாடி."

போய்ப் பார்த்தேன். டிவியையே காமிராவால் பிடித்து அதே டிவியில் காட்டிக்கொண்டிருந்தார். டிவிக்குள் டிவி, அதற்குள் இன்னொரு டிவி.

"பொண்ணு, மாப்பிள்ள?"

"யாருமே இல்ல மாமா."

மாமா நிம்மதியானார்.

திங்கட்கிழமை மொட்டைமாடியில் எங்கள் எல்லோருக்கும் அந்த அம்மா படம் காட்டினார். முதலில் ஒரு குழந்தை ஊதா நிறத்தில் அழுதது. அடுத்து, செங்கம் காதுகுத்து என்று லேபிள் ஒட்டிய கேசட். அதில் சித்தி மணக்கோலத்தில் வந்தார்.

சித்தி கணவர் வீட்டை விட்டுத் திரும்பி எட்டு மாதம். அந்தக் கல்யாணக் கேசட்டை அழித்துவிடும்படி தாத்தா சொல்லியிருந்தார். தான் எடுத்ததை அழிக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. வேறு லேபிள் ஒட்டி ஒளித்துவைத்தார். ஒட்டியதை அவரே மறந்தும் போனார்.

"ஐயோ, நிறுத்தும்மா! கேசட்டு மாறிப்போச்சு!" என்று ஒயரைப் பிடுங்க ஓடினார். மாமா பரவசமாகிவிட்டார் என்று அந்த அம்மா நினைத்தார் போலும். சிரித்தபடி மிக்ஸரின் குமிழைத் திருப்பினார்.

"அண்ணா, உக்காருண்ணா," என்றார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி.

திரையில் தாலியோடு குனிந்த சித்தப்பா பச்சையானார். மூக்கு வழிந்தது. மீசை மட்டும் தனியாகப் பிரிந்து மலைப்பக்கம் போயிற்று. மிச்சமிருந்தவர் கட்டம் கட்டமாக உதிர்ந்தார். தாலி கடைசிவரை கழுத்துக்கு வந்துசேரவில்லை.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, சித்தி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் போடச் சொல்லுடி. மீச போற எடத்துலேருந்து."

அன்றைய குறிப்பு இப்போதும் நோட்டில் இருக்கிறது: 'மூன்று முறை பார்த்தோம். சித்திக்குப் பச்சை நிறம் ரொம்பப் பிடிக்கும்.'