பரிசத் தட்டில் நின்ற கடிகாரம்

தங்கமணி அக்காவிடம் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பார்சல் திரும்பி வந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்கியவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். "ஓடலேன்னு கம்ப்யூட்டர்ல யாரு வேணாலும் எழுதலாம் லா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்பார்.

தொண்ணூற்றொன்பதில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் சைபர் கஃபேதான் அவருக்குக் கடை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய கைக்கடிகாரங்களை, விற்பவன் அழாத குறையாகப் பேரம் பேசி வாங்கி வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் இணைய விளம்பரப் பலகையில் தட்டுவேன். என் ஆங்கிலத்தை வேறு திருத்துவார். எங்கள் இருவருக்குமே அது வராது.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. ரமணி என்ற பெண், பரிசத்தன்று மாப்பிள்ளைக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடிகாரம். கண்ணாடியில் குங்குமப் பொட்டு. முள் நகரவில்லை. அக்கா எடுத்து ஆட்டினார், ஓடியது.

"கெளம்பு தம்பி."

கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கொமுட்டர் ரயில் ஏறினேன். அவரிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நாங்கள் போனபோது ரமணி வீட்டில் சண்டை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமி, சோபாவின் நடுவில் உட்கார்ந்து கல்யாணத்தை ரத்து செய்துகொண்டிருந்தார். பரிசத் தட்டில் வைத்த கடிகாரம் நின்றுபோயிருந்ததாம். அபசகுனமாம். ரமணியின் அம்மா இராஜம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். மாப்பிள்ளை ஜெயராஜ் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

அக்கா யாரையும் கும்பிடவில்லை. "வாங்கி எங்க வச்சிருந்தீங்க?"

"சாமி மேடையிலதான். பரிசம் வரைக்கும் யாரும் தொடல" என்றார் இராஜம்மா.

"சாமி கையிலயா கட்டி விட்டீங்க? இதுக்குப் பேட்டரி கெடையாது. மனுசன் கையில கெடந்து ஆடுனாத்தான் ஓடும். தட்டுல சும்மா கெடந்தா நிக்காம என்னா செய்யும்?"

சொல்லிக்கொண்டே தனலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்.

"யாரு நீ? என் கையப் புடிக்க நீ யாரு?" தனலெட்சுமி கையை வீசி வீசிக் கத்தினார். அக்கா குறுக்கே பேசவே இல்லை. அவர் கத்தி முடித்ததும், "இப்பப் பாருங்க" என்றார்.

முள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

தனலெட்சுமி அதைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஓடுது. கல்யாணத்த வச்சுக்கலாம்" என்றார், ஏதோ வரம் கொடுப்பதுபோல. இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்தார்.

"ஒக்காருங்கம்மா" என்றாள் ரமணி. அதுவரை கதவோரம் நின்றவள், நேராக ஜெயராஜின் முன்னால் வந்து நின்றாள்.

"வாட்ச் நின்னுச்சுன்னு உங்கம்மா என்னைய வேணாம்னாங்க. இப்ப ஓடுதுன்னு வேணும்ங்கறாங்க. நீங்க என்னா சொல்றீங்க?"

ஜெயராஜ் முறுக்கை விழுங்கினான். "அதான் அம்மா சரின்னுட்டாங்கல்ல?"

"நான் சரின்னு சொல்லல. அக்கா, வாட்ச நீங்களே எடுத்துக்குங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பயத்தில் தட்டவில்லை. அக்கா தனலெட்சுமியின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார்.

ஜெயராஜ் எழுந்து நின்று, "இப்ப என்னாம்மா செய்யிறது?" என்று தன் அம்மாவைக் கேட்டான்.